ஏழு ஆட்டுக்கு ஒரு ரத்தம்

முதலில் உங்கள் மைக்கூட்டைக் கவிழ்த்ததற்கு மன்னிக்க வேண்டும், ஐயா. ஸ்டேஷன் ரைட்டர் பாவம், காலையிலிருந்து எழுதிய தாள் இரண்டும் நீலமாகிவிட்டது. முப்பது வருஷமாகக் கத்தி பிடித்த கை இது. தொடைக்கறியை ஒரு நரம்பு சிதையாமல் எடுக்கும். மேசை ஓரத்தில் குப்பி இருந்தால் தட்டிவிடும். என் பெண்சாதி இருதயமேரி வீட்டில் கண்ணாடிக் குவளையைத் தொடவே விடுவதில்லை. சரி, வேறு தாள் எடுங்கள். மெதுவாகவே சொல்கிறேன்.

பெயர் லூர்துசாமி. பத்து காஜா டவுனுக்குப் போகிற பாதையில், கடைத்தெருக் கோடியில் இருக்கிற ஆட்டுக்கறிக் கடை எங்களுடையது. அப்பா போட்ட கடை. நான் அறுப்பேன், தம்பி யேசுதாசன் உரிப்பான், இருதயமேரி குடல் கழுவுவாள். ஜெபமாலைக்கு அடுத்தபடி எங்கள் குடும்பம் ஒன்றாகச் சேர்ந்து செய்கிற காரியம் அதுதான்.

ரெட்டைப்பாலத் தோட்டத்து லயத்து ஆட்கள், வரிசை வீடுகளில் குடியிருக்கிற கூலிக்காரர்கள், எங்களிடம்தான் கறி வாங்குவார்கள். அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கடைக்கு வந்ததும் கறியைப் பார்க்கமாட்டார்கள். “அண்ணே, ரத்தம் எங்க?” என்பார்கள். அறுக்கும்போது உப்புத் தண்ணீர் விட்ட சட்டியில் ரத்தத்தைப் பிடித்து உறைய வைப்போம். ஒவ்வொரு கூறு கறியோடும் ஒரு துண்டு ரத்தம் இலையில் போக வேண்டும். செத்த ஆட்டின் கழுத்தை அறுத்தால் ரத்தம் பாயாது. ஆகவே ரத்தம் இருந்தால் ஆடு உயிரோடு அறுபட்டது. அதற்குமேல் கேள்வி கிடையாது. நல்ல பழக்கம்தான். ஆனால் எந்த ஆட்டு ரத்தம் என்று அதில் பெயர் எழுதியிருக்காதே.

தீபாவளிக்கு ஏழு கிடாய் வாங்கி வைத்திருந்தோம். பண்டிகைக்கு மூன்று நாள் இருக்கும்போது அப்பாவு கடைக்கு வந்தார். தோட்டத்தில் லாலான் புல்லைக் கருக்குவதற்கு மருந்து அடிக்கிற வேலை அவருக்கு.

“அண்ணே, பாலத்துக்கு அந்தாண்ட ஆட்ட விடாதீங்க. புல்லுக்கு மருந்து அடிச்சிருக்கு.”

“மருந்துதானே அப்பாவு? தின்னா ஆட்டுக்குச் சளி போகும்லா.”

“விளையாடாதீங்கண்ணே. தொரையோட பசுவே போன மாசம் வாயில நுரை தள்ளிச் செத்துச்சு.”

அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். என் வேடிக்கைப் பேச்சுக்கு நானே சிரித்துக்கொள்வது வழக்கம். வேறு யாரும் முன்வருவதில்லை.

மறுநாள் பேய்மழை. அதற்கு மறுநாள் இந்தப் பக்கத்துப் புல்லெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மேடு. மழை கழுவியிருக்கும் என்று நினைத்து ஆறு கிடாயை ஓட்டிப் போனேன். ஏழாவது நொண்டி, அது கொட்டகையிலேயே கிடந்தது.

தீபாவளி அன்று விடிந்ததும் பார்த்தால் ஆறும் கிடந்தன. வயிறு ஊதி, கால் விறைத்து, மூக்கிலும் வாயிலும் பச்சையாக ஏதோ வழிந்து, பின்புறமெல்லாம் கழிசல். அதற்குள் ஈ. ஆறு கழுத்தையும் அறுத்துப் பார்த்தேன். துப்பிய வெற்றிலை எச்சில் மாதிரி கறுப்பாக இரண்டு சொட்டு வந்தது. வயிற்றைக் கிழித்தபோது எழுந்த நாற்றத்தில் தம்பி சாக்கடைப் பக்கம் ஓடிவிட்டான். குடலின் உள்தோல் நனைந்த காகிதம்போல் உரிந்து கையோடு வந்தது. நான் எதற்கும் முகம் சுளிக்கிறவனில்லை. அன்றைக்கு நானே மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டேன். எத்தனை எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் இன்னும் அந்த வாடை இருக்கிறது. முகர்ந்து பார்க்கிறீர்களா? வேண்டாம், வேண்டாம்.

“இத யாருங்க திம்பா?” என்று இருதயமேரி கேட்டாள்.

“மசாலா போட்டா எல்லாம் ஒண்ணுதான்,” என்றேன். அவளும் தம்பியும் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

வாசலில் லயத்துப் பெண்கள் புதுச் சேலையும் கையில் தட்டுமாக நின்றார்கள். நாலு மைல் நடந்து வந்தவர்கள். அந்த முகங்களைப் பார்த்து, தீபாவளியும் அதுவுமாக, கறி இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் இளகிய மனசுக்காரன். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நொண்டி ஆட்டை வெளியே கொண்டுவந்து எல்லாருக்கும் முன்னால் அறுத்தேன். ரத்தம் நன்றாகப் பாய்ந்தது. அதை உள்ளே கொண்டுபோய், உப்புத் தண்ணீர் விட்டு விட்டு நீட்டி, ஏழு ஆட்டுக்கும் ஏழு சட்டியாக்கினேன். கொழகொழவென்றுதான் உறைந்தது. ஏன் இறுகவில்லை என்று ஒருத்தி கேட்டாள். “மழை ஈரம்லா,” என்றேன். மற்ற கறியைப் புளித்த காடியில் கழுவி மஞ்சள் தடவி மாட்டினோம். எங்கள் வீட்டுக்கு நொண்டி ஆட்டிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். எதையும் மனசில் வைத்துச் செய்ததில்லை. முதலிலேயே ஒதுக்கிய கறி, அவ்வளவுதான்.

ஈரலை மட்டும் விற்கவில்லை. ஆறு ஈரலையும் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்குச் சும்மாவே கொடுத்தேன். வாட்டிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு உடம்பு தேறும். மஞ்சள் பூத்துப்போய், தராசில் வைக்கிற லட்சணத்தில் அவை இல்லை என்பதும் உண்மை. அப்பாவுவின் பெண்சாதி ராக்காயிக்குப் பெரிய ஈரலாகப் பார்த்துக் கொடுத்தேன். எச்சரிக்கை சொன்ன மனுஷன் வீடு. ஒரு நன்றி வேண்டாமா?

பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்க வாந்தி, பேதி. பெரியவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் ஐந்து பேர் போய்விட்டார்கள். அதில் இரண்டு அப்பாவு வீட்டுப் பெண்கள். காலரா என்று சொல்லித் தோட்டத்தில் சுண்ணாம்பு தூவினார்கள். நானும் காலரா என்றுதான் நினைத்தேன். நினைத்தேன் என்றே எழுதுங்கள். அடக்கத்துக்கு என் வண்டியைக் கொடுத்தேன். கறி ஏற்றுகிற வண்டிதான், கழுவித்தான் கொடுத்தேன்.

பிறகு டாக்டர் புதைத்த உடலை எடுத்து அறுத்துப் பார்த்துப் புல்லுக்கு அடிக்கிற மருந்து என்றார். மருந்து டின் இருக்கிற அறையின் சாவி அப்பாவுவிடம். பண்டிகைக்கு முதல் நாள் பெண்சாதியோடு அவர் போட்ட சண்டை லயம் முழுக்கக் கேட்டிருக்கிறது. முருகனுக்கு விரதம் என்று தீபாவளி அன்றைக்கு அவர் கறியே தொடவில்லை. வேறென்ன வேண்டும்? அவர்தான் விஷம் வைத்தார் என்று பிடித்துக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

என் கடைக்கும் வந்து கேட்டீர்கள். ரத்தத்தோடு கொடுத்தேன், லயமே சாட்சி என்றேன். லயமும் ஆமாம் என்றது. அப்பாவு உனக்கு எச்சரிக்கை சொன்னாராமே என்றீர்கள். ஞாபகமில்லை என்றேன். ஞாபகம் இருந்தது, ஐயா. ஆறு ஆடும் மருந்துப் புல் தின்றுதான் செத்தன என்று கத்தியை எடுக்கும்போதே தெரியும். தெரிந்தேதான் வெட்டிக் கொடுத்தேன். அப்பாவு எதிலும் கை வைக்கவில்லை. திங்கட்கிழமை ஈப்போவில் அவரைக் கூண்டில் ஏற்றினால் தூக்குத்தான் என்கிறார்கள். இந்தத் தாள் அதற்கு முன்னால் அங்கே போய்ச் சேர வேண்டும்.

பதினாறு நாள் சும்மா இருந்துவிட்டு இன்றைக்கு எதற்கு வந்தாய் என்கிறீர்கள். நியாயமான கேள்வி.

இந்தப் பதினாறு நாளும் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. கறி கெட்டிருந்தால் வாயில் வைத்ததும் துப்பியிருப்பார்களே? துப்பவில்லை, அப்படியானால் கறி கெடவில்லை, அப்படியானால் என்மேல் பிழையில்லை. இதை யாராவது ஒருவர் வாயால் கேட்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். தம்பியிடம் கேட்டேன். “விடுண்ணே,” என்று கத்தியைத் தீட்டப் போய்விட்டான். இருதயமேரி ஜெபமாலையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். சாமியாரிடம் போனேன். ஆண்டவருக்கு எல்லாம் தெரியும் என்றார். ஆண்டவருக்குத் தெரியும், எனக்குத்தானே தெரிய வேண்டும்? லயத்துக் கங்காணி ஐயாவு விதி என்று சொல்லிச் சுருட்டைப் பற்றவைத்தார்.

இன்று காலை இந்த வழியாகப் போனேன், வாசலில் ராக்காயி உட்கார்ந்திருந்தாள். புருஷனுக்குக் கஞ்சி கொண்டுவந்திருக்கிறாள், உள்ளே விடவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்கண்ணே,” என்றாள். அவளுக்கு என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை. இவளைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று தோன்றியது.

“ராக்காயி, அன்னிக்குக் கறி எப்படி இருந்துச்சு? நெசமாச் சொல்லு.”

கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

“கறி லேசா வாடைதாண்ணே. வாயில வைக்க முடியல. ஈரல்தான் நல்லா இருந்துச்சு. சின்னவ இன்னும் வேணும்னு அழுதா. என் பங்கையும் அவளுக்கே ஊட்டிட்டேன்.”