சாக்பீஸ் பொடியில் ஒரு கோடு

மண்ணெண்ணெயும் சாக்பீஸும் இருந்தால் போதும் சார், இரும்பில் எங்கே விரிசல் என்று சொல்லிவிடலாம். சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ராடை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, பொடியில் ஈரக்கோடாகத் தெரியும். விம்கோ நகர் மெக்கானிக் ஷெட்டில் முப்பது வருடமாக இப்படித்தான் பார்க்கிறேன்.

ராயபுரத்து சாவியோவுக்கு ஜீப்பில் மணல்மேடு ஏறும் பைத்தியம். பெரிய டயர் போட வேண்டும் என்று வந்தார். "தாராளமா போடலாம்" என்றேன்.

அஜின் குறுக்கே வந்தான். என்னோடு ஏழு வருடமாக வேலை பார்ப்பவன், பெண் குழந்தைக்குத் தகப்பன்.

"இல்ல அண்ணாத்த. டயரு பெருசானா முறுக்கு ஜாஸ்தியாவும். இந்த ராடு தாங்காது, தடியாத்தான் போடணும்."

சொன்னது சரிதான். சாவியோ என்னைப் பார்த்தார். "இன்னா அண்ணாத்த, அவனுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெர்லியா?" ஷெட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தடிமனான ராடு வந்ததும், மாட்டும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். புதியதை மூலையில் வைத்துவிட்டு, பழைய ராடுக்குப் பொடி தூவினேன். கோடு விழுந்தது. துடைத்துவிட்டு அதையே மாட்டினேன்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம். ஆக்சில் மாட்டியவன்தான் முதல் ஓட்டத்தில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அப்போதுதான் வண்டிக்காரருக்கு நம்பிக்கை வரும்.

"ராடு உன் யோசனைதானே, நீயே குந்து" என்றேன். அஜினுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சாவியோவுக்கு என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

எண்ணூர் மணல்மேட்டில் பாதி ஏறும்போது சக்கரம் புதைந்தது. சாவியோ ஆக்சிலேட்டரை அழுத்தினார். ராடு முறிந்து, இடது பின்சக்கரம் தனியே கழன்று ஓடியது. ஜீப் பின்னால் சரிந்து கவிழ்ந்தது. சாவியோ எப்படியோ வெளியே வந்து, ஆள் கூப்பிட ரோட்டுக்கு ஓடினார். அஜின் இடுப்புவரை வண்டிக்கு அடியில் கிடந்தான்.

நான் பின்னாலேயே டெம்போவில் வந்திருந்தேன். ஜாக்கி கொடுத்து வண்டியை ஒரு சாண் தூக்கினேன். உண்மையில் அவனைக் காப்பாற்றத்தான் தூக்கினேன் சார். பயம் காட்டியது போதும் என்று தோன்றிவிட்டது.

முறிந்த ராடு அவன் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தான்.

"பழச மாத்தி மாட்டிட்டியே அண்ணாத்த. வயசாச்சு, கண்ணு தெரியல, இன்னா பண்ணுவ. யாராண்டயும் சொல்ல மாட்டேன். தூக்கு."

ஜாக்கியின் வால்வைத் திறந்தேன். வண்டி மெதுவாகத்தான் இறங்கியது.

அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் உங்கள் ஸ்டேஷன் அறிக்கையில் 'மெக்கானிக் தவறுதலாகப் பழைய ராடை மாட்டியதால் விபத்து மரணம்' என்று இருக்கிறதாம். அந்த ஒரு வரியைத் திருத்தச் சொல்லத்தான் நானாக வந்தேன். முப்பது வருடத்தில் என் கை எதையும் தவறுதலாக மாட்டியதில்லை, சார்.