மறுநாள் காலையில் மாஸ்டர் கண்டது

மாஸ்டருக்கான இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சதுரங்கச் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மூத்த ஆட்டக்காரர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் மாஸ்டரின் துணைவியார், நம் அண்ணி அவர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எழுதி வந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். அதில் இருப்பதெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அதில் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவேனா, வழக்கம்போல் விழுங்கிவிட்டு இறங்கிவிடுவேனா என்று எனக்கே தெரியவில்லை. அதனால் கொஞ்சம் அங்கும் இங்கும் போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டரை உங்களில் பலருக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும். அவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? பட்டத்தால் வந்ததல்ல. தொலைபேசி நிலையத்தில் வந்தது. முப்பத்தொரு வருடம் அங்கே வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் வேலை. காதில் கருவி, எதிரே துளைகள் நிறைந்த பலகை, இரண்டு கையிலும் கம்பிகள். ஓர் அழைப்பை இணைத்து முடிக்கும்போது மறுமுனை ஊரில் இருக்கும் ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை சொல்வார். "லைன் சரி. குதிரை எஃப் மூணு." அடுத்த அழைப்பில் அந்த ஆபரேட்டர் தன் பதில் நகர்வைச் சொல்வார். பலகையும் இல்லை, காயும் இல்லை. இருவர் தலைக்குள்ளும் ஓடிய ஆட்டம் அது.

பதினோரு மாதம் நடந்தது. ஒரு நாள் மேற்பார்வையாளர் இடையில் காதைக் கொடுத்துப் பிடித்துவிட்டார். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஒரு நகர்வுக்கு இரண்டு நொடிதான் ஆகிறது, எந்தச் சந்தாதாரரும் அதனால் காத்திருக்கவில்லை என்று நம்மவர் பதில் எழுதிக் கொடுத்தார். மேற்பார்வையாளர் அதைப் படித்தார், மடித்து இழுப்பறைக்குள் போட்டார், பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாராம்: "அது இருக்கட்டும். ஆட்டம் இப்ப யார் பக்கம், மாஸ்டர்?" அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அந்த ஆட்டம் டிராவில் முடிந்தது. மறுமுனை ஆபரேட்டரை அவர் கடைசிவரை நேரில் பார்த்ததில்லை.

கணினி இல்லாத காலம் என்று இப்போது எல்லோரும் சுலபமாகச் சொல்கிறோம். அது எப்படிப்பட்ட காலம் என்று யோசித்திருக்கிறோமா? வெளிநாட்டுப் பத்திரிகை கப்பலில் மூன்று மாதம் தாமதமாக வரும். ஒரே பிரதி. சங்கத்தில் யாருக்கு முதலில் என்று சண்டை வரும். மாஸ்டர் சண்டைக்கு வரமாட்டார். கடைசி ஆளாக வாங்கிப் போய் ஒவ்வோர் ஆட்டத்தையும் கையால் எழுதி எடுப்பார். எழுதும்போதே அச்சில் இருக்கும் தவறுகளையும் கண்டுபிடித்து, பத்திரிகைக்காரர்களுக்கு அஞ்சல் அட்டை போடுவார். சரியா தவறா என்று கேட்க அவருக்கு யார் இருந்தார்கள்? அவர் தலையைத் தவிர யாருமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நெஞ்சுநோய் மருத்துவமனைக்குப் போவார். மாதக்கணக்கில் படுத்தே கிடப்பவர்களோடு ஆடுவார். பதினைந்து கட்டில், பதினைந்து பலகை. இந்தக் கட்டிலிலிருந்து அந்தக் கட்டிலுக்கு நடந்துகொண்டே இருப்பார். நோயாளிகளுக்கு விட்டுக்கொடுத்தாரா என்று ஒரு செவிலியரிடம் கேட்டேன். ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்றார். தோற்றவர்கள் அடுத்த ஞாயிறுவரை ஆத்திரத்தில் உயிரோடு இருந்தார்கள் என்றும் சொன்னார்.

மாஸ்டரால் உட்காரவே முடியாது. போட்டி நடக்கும்போதும் ஒரு நகர்வை வைத்துவிட்டு எழுந்துவிடுவார், ஜன்னல்வரை போவார், வருவார். காலில் சக்கரம் கட்டியவர் என்று நாங்கள் கேலி செய்வோம். அதிலும் ஒரு விஷயத்தைக் கவனித்தோம். அவருக்குத் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்த புகழ்பெற்ற அந்த ஆட்டத்தை யாராவது புகழ ஆரம்பித்தால் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விடுவார். அடக்கம் என்று நினைத்தீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அது அடக்கம் இல்லை. காரணம் நான்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும். இதற்கு மேல் நான் நிறுத்த முடியாது.

நாற்பத்திரண்டு வருடத்துக்கு முந்தைய தேசியப் போட்டி. கடைசிச் சுற்று. மாஸ்டர் ஜெயித்தால்தான் பட்டம், டிரா செய்தால்கூடக் கைநழுவிவிடும். எதிரே உட்கார்ந்திருந்தவன் நான். அப்போது அப்பாவின் மருந்துக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் பலகை வைத்து ஆடிக்கொண்டிருந்தவன். மாஸ்டர் என்னைக் கூப்பிடுவதே "மருந்துக்கடை" என்றுதான். இருபத்து மூன்றாவது நகர்வில் அவர் தன் ராணியைத் தூக்கி என் ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்தார். இனாமாக. அரங்கமே எழுந்து நின்றது. ராணியை எடுத்தேன். குதிரையால் முற்றுகை கொடுத்தார். ராஜாவைப் பின்னால் மூலைக்கு ஓட்டினேன். ஏழே நகர்வு. ராஜாவைச் சாய்த்துவிட்டுக் கை கொடுத்தேன்.

ராணியையே கொடுத்து ஆடிய, யாராலும் பதில் சொல்ல முடியாத பலி என்று மறுநாள் நாளிதழ்கள் எழுதின. அப்படிப்பட்ட ஆட்டத்தில் தோற்பதே ஒரு கௌரவம் என்று என் தோளைத் தட்டினார்கள். வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் அணியில் நாலாவது இடம் காலியாக இருந்தது. எனக்கும் இன்னொருவருக்கும் இடையில் இழுபறி. தேர்வுக் குழு அன்று சாயங்காலம் கூடுவதாக இருந்தது.

அன்று காலை நான் விடுதி அறையில் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். முகச்சவரம் செய்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்னக் காந்தப் பலகையை எடுத்து என் பெட்டியின் மேல் வைத்தார்.

"மருந்துக்கடை, நேத்து ஜெயிச்சது நான் இல்ல. நீ."

"காலங்காத்தால கிண்டல் பண்ணாதீங்க மாஸ்டர்."

"ராஜாவை ஏன் பின்னால ஓட்டின? முன்னால நடத்தியிருந்தா என்னாகும், பாரு."

காட்டினார். என் ராஜா பயந்து ஒளியாமல், எதிரிக் காய்களுக்கு நடுவே நேராக நடக்கிறது. முற்றுகை மேல் முற்றுகை. ஆறாவது அடியில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவரிடம் ஒன்றும் இல்லை, என்னிடம் ஒரு ராணி அதிகம். மூன்று தடவை ஆடிப் பார்த்தேன். ஓட்டை இல்லை.

சங்கப் பத்திரிகைக்கு இதை எழுதி அனுப்பப் போவதாகச் சொன்னார். தன் பட்டத்துக்கு அடியில் தானே குழி தோண்டுகிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. கண்டதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எனக்கோ வேறு கணக்கு ஓடியது. பதிலே இல்லாத நகர்வுக்குத் தோற்றவனை அணியில் எடுப்பார்கள். கண்ணெதிரே இருந்த வழியைப் பார்க்காதவனை எடுப்பார்களா?

தேர்வு முடியும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதையான சொல். கெஞ்சினேன். அப்பா கடையை விட்டு ஒருமுறையாவது வெளியே போக வேண்டும் என்றேன். அவர் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்தார். கடைசியில் நின்று, "சரி. நீ சொல்ற வரைக்கும் சொல்லல," என்றார்.

நான் அணியில் சேர்ந்தேன். கப்பலேறிப் போய் நாலு ஆட்டம் தோற்று, இரண்டு டிரா செய்துவிட்டு வந்தேன். அதற்காகத்தான் இத்தனையும்.

அந்த ஆட்டத்துக்குக் குறிப்பு எழுதித் தரும்படி பத்திரிகை ஆசிரியர் மாஸ்டரை எவ்வளவோ கேட்டார். எழுத மறுத்துவிட்டார். வேறொருவர் எழுதி, பலி கொடுத்த நகர்வுக்குப் பக்கத்தில், அபாரமான நகர்வு என்பதற்கு அடையாளமாக, இரண்டு ஆச்சரியக்குறி போட்டார். அந்த இரண்டு குறிகளும் மாஸ்டரை எப்படிக் குத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை, ஆண்டுப் போட்டி முடிந்ததும் என் பக்கத்தில் வந்து, "இப்ப சொல்லிடலாமா?" என்பார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்பேன். பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டிருக்கிறேன் என்பேன், சங்கத்துக்குச் செயலாளராக நிற்கிறேன் என்பேன். சாக்குக்கா பஞ்சம்? ஒன்பது வருடம் கேட்டார். பத்தாவது வருடம் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அப்படிப்பட்டவன்தான் இங்கே நின்று பேசுகிறேன்.

போன வருடம் நடந்தது உங்களுக்குத் தெரியும். நம் சங்கத்து இன்ஜினியர் அம்மா பழைய ஆட்டங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தார். நாலு நொடியில் விடை வந்தது. ராஜா முன்னால் நடந்தால் மாஸ்டர் தோற்றிருப்பார் என்று பத்திரிகையில் எழுதினார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. கண்டதை எழுதினார், மாஸ்டர் செய்ய நினைத்ததையே செய்தார். ஆனால் நாம் என்ன செய்தோம்? இதே அறையில், மாஸ்டர் காதுபடவே, அந்தக் காலத்து மேதைகளெல்லாம் இவ்வளவுதான் என்று ஒருவர் சொன்னார். சிலர் சிரித்தோம். சிரித்தோம் என்றுதான் சொல்கிறேன், நானும் உதட்டைப் பிரித்தேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். "கெட்டிக்கார மெஷின்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை. 'இதை நான் மறுநாளே பார்த்துவிட்டேன்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குக் கொடுத்த வாக்கு அவர் வாயைக் கட்டியிருந்தது.

மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என்னை முடிக்கவே விடவில்லை.

"நீ பார்க்காதது ரெண்டாவது விஷயம், மருந்துக்கடை. அந்தப் பலியே தப்பு. தப்பு பண்ணினவன் நான்."

இனிமேலாவது எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள் என்றேன். தலையைத் தலையணையில் இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"நான் சொன்னா பெருமை பேசற மாதிரி இருக்கும். நீதான் சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை. எட்டு நாளில் போய்விட்டார்.

போன வாரம் அண்ணி என்னை வீட்டுக்கு வரச் சொல்லி, தடித்த நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். உங்களுக்குத் தெரியுமா அண்ணி என்று கேட்டேன். "முழுசா தெரியாது," என்றார். "அவர் எல்லாரையும் திட்டுவார். உங்களை மட்டும் ஒரு நாளும் திட்டினதில்ல. அப்பவே நினைச்சேன், ஏதோ இருக்குன்னு."

நோட்டில் முதல் பக்கத்தில் தேதி இருக்கிறது. ஆட்டம் நடந்த மறுநாள். என் ராஜா நடந்திருக்க வேண்டிய ஆறு அடியும் இருக்கின்றன. அதற்குப் பிறகு நூற்றுப் பத்துப் பக்கம். நாற்பத்திரண்டு வருடமாக அந்த ராஜாவை வழியில் மடக்க ஏதாவது வழி உண்டா, தன் பலியைக் காப்பாற்ற முடியுமா என்று தேடியிருக்கிறார். ஒரு வழி எழுதுவார், நாலு மாதம் கழித்து வேறு மையில் அதை அடிப்பார். கடைசிப் பக்கம் இந்த வருடம் எழுதியது. "எல்லா வழியும் பார்த்தாயிற்று. பலி தவறு. வெற்றி அவனுடையது."

நோட்டை இன்ஜினியர் அம்மாவிடம் கொடுத்தேன். மூன்று நாள் கணினியில் சரிபார்த்தார். ஒரு பக்கத்துக்குக்கூடக் கணினி வேறு விடை சொல்லவில்லை என்றார். முதல் பக்கத்துத் தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, இப்போது நாம் எழுந்து நின்று ஓர் இரங்கல் தீர்மானத்தை நிறைவேற்றப் போகிறோம். அதன் நகல் மேசையில் இருக்கிறது. கணினி சொன்னதை மரியாதைக்காக ஒதுக்கிவிட்டு, "பிழையே இல்லாத பலியால் பட்டம் வென்ற மாமேதை" என்று அதில் ஒரு வரி எழுதியிருக்கிறோம். அந்த வரிக்குத் தலையாட்டி அவரை இன்னொரு தடவை எழுந்து வெளியே போக வைக்க வேண்டுமா?

தலைவர் அவர்களே, அந்த வரியை அடித்துவிட்டு நான் சொல்வதை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். 'பட்டம் வென்ற ஆட்டத்தில் மாஸ்டர் ஒரு தவறு செய்தார். அதை மறுநாள் காலையிலேயே அவரே கண்டுபிடித்து எதிராளியிடம் சொன்னார். எதிராளி தன் சுயநலத்துக்காகக் கேட்டுக்கொண்டதால் வெளியே சொல்லவில்லை.' இந்த நோட்டு முழுவதும் பத்திரிகையில் மாதாமாதம் வரும். எழுதி, அச்சுக்குக் கொடுத்து, மெய்ப்புப் பார்ப்பது என் பொறுப்பு. எந்த நகர்விலும் அவருக்குச் சாதகமாக ஒரு குறிகூடக் கூட்டிப் போட மாட்டேன். அதை அவர் விரும்ப மாட்டார்.

எதிராளி என்று எழுதிய இடத்தில் என் முழுப்பெயரையும் போடுங்கள். இல்லை, கொடுங்கள், நானே எழுதுகிறேன்.