கன்னியம்மாவின் பங்கு

கத்தரிக்காய் வாங்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் போக வேண்டும், மேடம். அன்றைக்கு எல்லார் வீட்டிலும் கறியோ மீனோ கொதிக்கும். காய் விற்கிறவர்கள் காலையிலிருந்து கூறு கட்டி வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பொழுது சாயும்போது அவர்களுக்கே அலுத்துவிடும். பேரம் பேச வேண்டியதில்லை. பக்கத்தில் போய்ச் சும்மா நின்றால் போதும், இரண்டு கூறை ஒன்றாக அள்ளிப் பையில் போட்டுவிடுவார்கள்.

நீங்கள் கேட்டது இதுவல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் கடைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து சொன்னால்தான் மற்றது புரியும்.

எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே ஒரு போல்ட் வெளியே போவதென்றாலும் ஜெயவேல் என்று கையெழுத்து விழ வேண்டும். ஆனால் எம்.கே.பி. நகரில் என் வீட்டுச் சமையலறையில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அது கன்னியம்மாவின் இடம். சம்பளத்தை அப்படியே அவள் கையில் கொடுத்துவிடுவேன். அவள் காசிமேட்டுக்குப் போய்க் கூடை நிறைய மீன் வாங்கி வருவாள். எங்கள் பிளாக்கில் யார் வீட்டில் பிள்ளை பெற்றிருந்தாலும், யார் காய்ச்சலில் கிடந்தாலும், அந்த வீட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் போகும். எப்போதாவது நான் செலவைப் பற்றிக் கேட்டால் சிரிப்பாள்.

“உனுக்கு இன்னாத்துக்குயா கணக்கு? துட்டு குடுத்தியா, குந்திகினு துன்னு.”

நானும் உட்கார்ந்து தின்றேன். எனக்கு அதில் கோபம் எதுவும் இருந்ததில்லை.

ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது அவள் சரிந்து விழுந்தாள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது அந்தச் சின்ன வயது டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். “அவங்களுக்கு எல்லாமே புரியுது சார். முழுங்கறதுக்கும் கஷ்டமில்ல. குழைவா, சத்தா சாப்பாடு குடுங்க. பாலு, முட்டை எதையும் உடாதீங்க.”

மகள் யசோதரா ஓசூரில் வேலை பார்க்கிறாள். தன்னோடு அழைத்துப் போவதாகத்தான் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்டவள், இனி நான் போடுகிறேன் என்று சொன்னேன். பிளாக்கில் எல்லாரும் அதைக் கேட்டுக் கண் கலங்கினார்கள். நான் மனதாரத்தான் சொன்னேன், மேடம். அதை நீங்கள் நம்பலாம்.

முதலில் எனக்குச் சோறு வடிக்கக்கூடத் தெரியாது. ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டேன் ஒருநாள். ஒரு ஸ்பூன் வாயில் வாங்கியதும் கன்னியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி முகம்தான் சிரித்தது. ஓரமாக வழிந்த ரசத்தை என் துண்டால் துடைத்துவிட்டேன். நானும் சிரித்தேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நெருக்கமாக நாங்கள் உட்கார்ந்திருந்த நாட்கள் குறைவு.

அந்த மாதம்தான் ஒரு வாரத்துச் சாமான் செலவை முதன்முதலாகக் கூட்டிப் பார்த்தேன். எனக்குப் பகீரென்றது. கம்பெனியில் இப்படிச் சரக்கு வெளியே போயிருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். சமையலறைக் கதவின் உட்பக்கத்தில் சாக்பீஸால் அந்தத் தொகையை எழுதினேன். அடுத்த வாரம் இதைவிடக் குறைய வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் ஆரம்பம்.

குறைந்தது. விலை குறையும் என்று மாதாந்திரப் பால் கார்டு போட்டேன். செல்லக்கனி அண்ணாச்சி கடையில் மூட்டை பிரிக்கையில் சிந்துகிற குருணையைத் தனியாகக் கேட்டு வாங்கினேன். மாதவரத்தில் ஒரு முட்டை மண்டி இருக்கிறது. லாரியில் வந்து இறங்கும்போது கீறல் விட்ட முட்டைகளை ஒதுக்கி வைப்பார்கள், பாதி விலை. அதற்காக மாதவரம்வரை நடந்தே போவேன், பஸ்ஸுக்குக் கொடுத்தால் லாபம் போய்விடும். காசிமேட்டில் வெயில் ஏறினபின் போனால் சங்கரா மீனும் காரப்பொடி மீனும் கேட்ட விலைக்குக் கிடைக்கும். ஒவ்வொரு ஞாயிறும் பழைய தொகையைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுவேன். எழுதிவிட்டுக் கட்டிலருகே வந்து அவளிடம் சொல்வேன். “கன்னிம்மா, போன வாரத்துக்கு இந்த வாரம் எவ்ளோ கம்மி தெரியுமா?”

ஆரம்பத்தில் அவள் கண்ணால் சிரிப்பாள். இந்தக் கிழவனுக்கு வந்த வாழ்வைப் பார் என்பதுபோல.

வேலையில் இருந்தபோதுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் கிடைத்ததில்லை. காலையில் எழும்போதே இன்று எங்கே என்ன மலிவு என்ற யோசனையோடு எழுவேன். நடை நன்றாகிவிட்டது. சர்க்கரை குறைந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் நான் இளமையாகிவிட்டதாகச் சொன்னார்கள்.

பிறகு ஒரு ஞாயிறு தொகை இறங்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இறங்கவில்லை. எல்லாவற்றையும் எவ்வளவு மலிவாக வாங்க முடியுமோ அவ்வளவு மலிவாக வாங்கிக்கொண்டிருந்தேன். இனி விலையில் குறைக்க ஒன்றுமில்லை. அளவில்தான் குறைக்க முடியும். இது யாருக்கும் தோன்றக்கூடியதுதான்.

வீட்டில் இரண்டே பேர். நான் அலைகிறவன், எனக்குச் சாப்பாடு வேண்டும். அவள் படுத்தே இருக்கிறாள். படுத்திருக்கிற உடம்புக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று யோசித்தேன். முதலில் பாலில் தண்ணீரைக் கூட்டினேன். அவளுக்குச் சளி பிடிக்காது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். முட்டையை நிறுத்தினேன், சூடு என்று. ராத்திரிச் சாப்பாடு செரிக்காது என்று அதையும் நிறுத்தினேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. தொகை மறுபடி இறங்கத் தொடங்கியது.

அண்ணாச்சிதான் முதலில் கேட்டார். நான் எடுத்து வைத்த சாமானைப் பார்த்துக்கொண்டே, “என்ன சார், அக்காவுக்கு சத்துமாவு வாங்கி ரொம்ப நாளாச்சே? தீர்ந்திருக்குமே” என்றார்.

“சாப்பிட மாட்டேங்குது அண்ணாச்சி. வாயைத் தொறக்க மாட்டேங்குது” என்றேன்.

அவர் உச்சுக் கொட்டினார். “மனசு விட்டுப்போச்சுன்னா அப்படித்தான் சார். நீங்க என்ன செய்வீங்க, பாவம்.”

சொன்னபோது எனக்கே அது நிஜம்போல இருந்தது. அதற்குப் பிறகு எல்லாரிடமும் அதையே சொன்னேன்.

கன்னியம்மாவுக்கு இடது கை நன்றாக இருந்தது. கட்டில் பக்கத்து ஸ்டூலில் தண்ணீருக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருந்தேன். பசித்தால் அதை எடுத்து ஸ்டூலில் தட்டுவாள். ஒரு மத்தியானம், கதவுக்கு வெளியே எதிர்வீட்டு ரஹீமுன்னிசா நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னாண்ணே, அக்கா எப்பப் பாத்தாலும் தட்டிகினே கீது? இன்னா ஓணுமாம்?”

“ஒண்ணுமில்லம்மா. பழக்கமாயிடுச்சி.”

அடுத்த நாள் டம்ளரை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் டம்ளர் வைத்தேன். அதில் சத்தம் வராது. அவள் அதைக் கையில் எடுத்து ஒருமுறை தட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்புறம் தட்டவில்லை.

நோன்பு மாதத்தில் ரஹீமுன்னிசா கஞ்சி கொண்டுவந்தாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து ஊட்டத் தொடங்கிவிட்டாள். கன்னியம்மா ஸ்பூனுக்குக் காத்திருக்கவில்லை. கிண்ணத்தை இடது கையால் இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். கஞ்சி முடிந்தபின் கிண்ணத்தின் உள்பக்கத்தை நக்கினாள். ரஹீமுன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“துன்ன மாட்டேங்குதுன்னு சொன்னியேண்ணே?”

“உன் கைப்பக்குவம்மா அது” என்றேன். மறுநாளிலிருந்து, வெளிச் சாப்பாடு கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொல்லிக் கதவைத் தாழ்போட்டு வைத்தேன். அன்றைக்கு ரஹீமுன்னிசா என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னவள் அவள்தான் என்று நினைக்கிறேன். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை.

யசோதரா லீவு போட்டுவிட்டு வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கட்டிலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

“நைனா, அம்மா இன்னா இப்டிப் பூட்ச்சி?”

“சோத்தைக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கினா நான் இன்னாம்மா பண்றது?”

வரும் வழியில் அம்மாவுக்குப் பிடிக்குமே என்று இட்லியும் வடகறியும் வாங்கி வந்திருந்தாள். பிசைந்து ஊட்டினாள். கன்னியம்மா மென்றுகூடப் பார்க்கவில்லை, விழுங்கிக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. “பாத்தியா நைனா, என் கையால குடுத்தா துன்னுது. என்ன நெனைச்சி ஏங்கிகினு கீது” என்று மகள் அழுதாள். பெற்ற பெண் அல்லவா, அப்படித்தான் நினைப்பாள்.

கிளம்பும்போது கன்னியம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. வாயைத் திறந்து என்னவோ சொல்லப் பார்த்தாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. மகளைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், மறுபடி மகளைப் பார்ப்பாள். “அடுத்த மாசம் வரேம்மா, உன்னக் கூட்டிகினு போயிடறேன்” என்று யசோதரா அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

அவள் என்ன சொல்லப் பார்த்தாள் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். “பஸ்ஸுக்கு நேரமாவுதும்மா” என்றேன். கன்னியம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன். வலிக்காமல்தான் பிரித்தேன்.

அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. அதற்குள் முடிந்துவிட்டது.

அன்றைக்குக் காலையில் பருப்பு மலிவாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுத் திருவொற்றியூர்வரை போயிருந்தேன். வர மத்தியானமாகிவிட்டது. கதவைத் திறந்தால் கட்டிலில் அவள் இல்லை. சமையலறையில் கிடந்தாள். அந்த உடம்பை ஒரு கையாலும் ஒரு காலாலும் அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அரிசி டிரம் சாய்ந்திருந்தது. மொத்தமாக வாங்கினால் மலிவு என்று நான் அதை எப்போதும் நிரப்பித்தான் வைத்திருப்பேன். தரை முழுக்க அரிசி. அவள் கையில் அரிசி. வாயிலும் வேகாத அரிசி. அதை விழுங்க அவளால் முடியவில்லை.

நான் உடனே யாரையும் கூப்பிடவில்லை. முதலில் அவள் வாயைக் கழுவினேன். விரலை விட்டுக் கடைவாயிலிருந்தது வரை எடுத்தேன். கையை விரித்துத் துடைத்தேன். தரையைப் பெருக்கி அரிசியை மறுபடி டிரம்மில் கொட்டினேன். கொட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மண் பட்டதை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன், புடைத்துக்கொள்ளலாம் என்று. அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன். தூக்க எனக்குச் சிரமமே இல்லை. சின்னப் பிள்ளையைத் தூக்குவதுபோல இருந்தது. அதன் பிறகுதான் கதவைத் திறந்து ரஹீமுன்னிசாவைக் கூப்பிட்டேன்.

சர்டிபிகேட் கொடுக்க வந்த டாக்டர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, சாப்பிடுவார்களா என்று கேட்டார். சாப்பிட மறுத்தாள் என்றேன். அவர் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிக்கொண்டார்.

பணத்துக்குக் கஷ்டமா என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை. பென்ஷன் வருகிறது. அம்மாவுக்கு என்று யசோதரா மாதாமாதம் அனுப்பியதும் பாங்கியில் அப்படியே இருக்கிறது. அதை எதற்கு வைத்திருந்தீர்கள் என்று கேட்டீர்கள். அவளுக்கு நாளைக்கு ஏதாவது வைத்தியச் செலவு வந்தால் வேண்டுமே என்று சொன்னேன். நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள். ஏன் பார்த்தீர்கள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இப்போது உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள். கன்னியம்மா சாப்பிட மறுத்தாள் என்று நான் சொன்னதெல்லாம் பொய். அண்ணாச்சியிடமும், எதிர்வீட்டிலும், பெற்ற மகளிடமும் சொன்னது பொய். அவள் ஒருநாளும் வேண்டாம் என்று தலையைத் திருப்பியதில்லை. தட்டோடு நான் வருகிற சத்தம் கேட்டாலே வாயைத் திறந்துகொள்வாள். நான் ஊட்டி முடித்த பிறகும் அந்த வாய் திறந்தேதான் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் தட்டைக் கழுவப் போவேன். அவளுக்குப் பசிக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் குறைத்தேன்.

ஆனால் அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, மேடம். இன்னும் கொஞ்சம் குறைத்தாலும் தாங்குவாள் என்றுதான் நினைத்தேன்.