நேர்ஸ் எடுத்த முடிவு

— பிறகென்ன, அம்பலவாணன் அண்ணை, இரண்டு மாசத்துக்கு முந்தி ஒரு ஞாயிறு காலமை என்ர மனிசி கனகாம்பிகைக்கு நூற்றிரண்டு காய்ச்சல். கீமோ ஏத்திப் பத்து நாள். பனடோல் போட்டுட்டுப் படுக்கிறன், திங்கள் பாப்பம் எண்டு நிண்டவ.

— மனிசிமார் அப்பிடித்தான், கனகலிங்கம். ரீ ஆறுது, குடியும்.

— நான் கேக்கேல்லை. கிளினிக்கிலை இருக்கிற ஸ்பெஷலிஸ்ட் நேர்ஸ் தந்த நம்பருக்கு அடிச்சன். பனடோல் குடுக்காதேங்கோ, உடனை கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டா. நாங்கள் ஆஸ்பத்திரியிலை போய் இறங்க வாசலிலை நிக்கிறா.

— டொக்டர் இல்லையோ?

— ஒரு இளம் டொக்டர் நிண்டவர். சும்மா தடிமன் காய்ச்சல், வீட்டை போகலாம் எண்டார். இவ விடேல்லை. பிளட் ரிசல்ட் வராமல் இந்த அம்மா இஞ்சை இருந்து அசையமாட்டா எண்டு சொல்லி, தானே இரத்தம் எடுத்தா. வெள்ளையணு இல்லையெண்ட அளவு, அண்ணை. பெரிய டொக்டருக்கு அவவே போன் அடிச்சு, அரை மணித்தியாலத்திலை மருந்து ஏறுது. பின்னேரம் வரை விட்டிருந்தால் ஆள் தப்பியிராதாம். பெரியவரே சொன்னவர்.

— இப்ப எப்பிடி?

— சுகம். சமைக்கிறா, என்னோடை சண்டை பிடிக்கிறா. அந்த நேர்ஸ் சும்மா ஆள் இல்லை, அண்ணை. இப்பிடிக் காய்ச்சலோடை வாறவைக்கு எவ்வளவு நேரத்திலை முதல் ஊசி ஏறுது எண்டு இரண்டு வருஷமா ஆராய்ச்சி செய்தவ. போன மாசம் ஒரு பெரிய மகாநாட்டிலை அதை வாசிச்சிருக்கிறா.

— எடின்பரோவிலையோ?

— ஓம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— சும்மா கேட்டனான். நீர் சொல்லும்.

— இப்ப அந்த வாட்டிலை டொக்டரைப் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை. படிச்ச நேர்ஸ்மாரே மருந்தைத் தொடங்கலாம். அவ எழுதினதாலை வந்த ஒழுங்கு. இவ்வளவு கெட்டிக்காரி ஏன் பிள்ளை டொக்டருக்குப் படிக்கேல்லை எண்டு கனகாம்பிகை கேட்டவ. டொக்டருக்குப் போக மாக்ஸ் இருந்தது அன்ரி, எனக்கு இதுதான் விருப்பம் எண்டாவாம்.

— ஓம். மாக்ஸ் இருந்தது. நான்தான் ஒரு வருஷம் அவளோடை கதைக்கேல்லை.

— ஆரோடை, அண்ணை?

— இந்த லண்டன் முழுக்க, வெம்பிளியிலை, ஈஸ்ட் ஹாமிலை, போற கலியாணம் எல்லாத்திலையும் என்ர மகள் டொக்டர் எண்டு சொன்னனான். பொய், கனகலிங்கம். அவள் நேர்ஸ். உம்மட மனிசியைக் காப்பாத்தினது என்ர பிள்ளை, செல்வமலர்.

— தெரியும், அண்ணை. முதல் நாளே உங்கட பேரைச் சொல்லித்தான் தன்னை ஆரெண்டு சொன்னவ. உங்கட வாயாலை அதைக் கேக்கவேணும் எண்டுதான் இவ்வளவு நேரமும் கதைச்சனான்.