திருப்பிக் கொண்டாந்த சட்டை

இல்லம்மா, கிழிசல் ஒண்ணும் இல்ல. சாயமும் போகல. அளவு கச்சிதம். நேத்துதான் வீட்டுக்காரருக்கு எடுத்துட்டுப் போனேன், பில்லு இந்தா. அப்புறம் ஏன் திருப்பித் தர்றீங்கன்னா... அது ஒரு வார்த்தையில அடங்காதே. கூட்டம் இல்லதானே? கேளு.

அவரு பெயின்ட் கடையில கலர் கலக்குறவரு. சுவத்துல பேந்த ஒரு சில்லைக் காட்டினா போதும், அச்சு அசலா அதே கலரைக் கொண்டாந்துடுவாரு. தக்காளி வாங்கினாக்கூட ஒண்ணொண்ணா உருட்டிப் பாத்துத்தான் எடுப்பாரு. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குப் போன வருஷம் தலைக்குள்ள கட்டி. நெத்திக்குப் பின்னால. எடுத்தாச்சு, பொழச்சுக்கிட்டாரு. பேச்சு, கணக்கு, ஞாபகம் எதுக்கும் குறைச்சல் இல்ல. ஆனா ரெண்டு சோப்பை நீட்டினா, இதுல வாசனை, அதுல நுரைன்னு முக்கால் மணி நேரம் விளக்குவாரே தவிர, ஒண்ணைக் கையில எடுக்க மாட்டாரு.

டாக்டரம்மாதான் சொன்னாங்க, எது நமக்கு எவ்வளவு பெறும்னு மதிப்புப் போடுற இடம் அங்கதான் இருக்காம். உங்க கடையில அத்தனை சட்டையிலயும் விலைச்சீட்டு பிஞ்சு விழுந்தா நீ முழிப்பல்ல, அந்தக் கதிதான்.

நானாவது சும்மா இருந்திருக்கலாம். ஒரு நாள், நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடவா, இங்கயே இருக்கவான்னு கேட்டுத் தொலைச்சேன். ரெண்டும் ஒண்ணுதான்னாரு. கோவத்துல சொல்லலம்மா, நிதானமா யோசிச்சுத்தான் சொன்னாரு. அதான் சுருக்குனு தச்சுது. குழாயைத் திறந்து விட்டுட்டுக் குளியலறையில உக்காந்து அழுதேன்.

அட, நீ ஏன் மூஞ்சியைத் தொங்கப் போடுற? அது அப்போ!

நேத்து சாயங்காலம் இந்தச் சட்டையைப் பிரிச்சு அவரு தோள்ல வச்சுக் காட்டினேன். கண்ணாடியைப் பாத்தாரு. மூக்கைச் சுளிச்சாரு. சீ, எவன் கலக்கினான் இதை, சேத்துல முக்கின மாதிரி, இதைப் போட்டுக்கிட்டு நான் தெருவுல நடக்கணுமான்னாரு! பதினோரு மாசத்துல முதல் தடவை. இன்னொரு தடவை சொல்லுங்கன்னேன். சொன்னாரு. அக்காவுக்குப் போன் போட்டு அவகிட்டயும் இந்தச் சட்டையைத் திட்டச் சொன்னேன். கோச்சுக்காத, உங்க கடையைச் சொல்லல.

பணம் வேண்டாம்மா, வேற ஒண்ணு எடுத்துக்கறோம். ஐயோ, நான் எடுக்கல. வாசல்ல நிக்கிறாரு, கூப்பிடுறேன். நேரம் ஆகும், ஆகட்டும். எனக்கு மட்டும் ஒரு நாற்காலி போடு.