புளித்தண்ணீர் போலிருந்த மர வினிகர்

ஹவுரா படகில் எனக்கு முன்னால் ஒரு தமிழ்த் தம்பதி. ஊரிலிருந்து ரயிலில் வந்திறங்கிய மனைவியை அவர் வீட்டுக்கு அழைத்துப் போகிறார்.

"ஃப்ரிட்ஜில இருந்த பாட்டில, புளித்தண்ணின்னு நெனச்சு ரசத்துல ஊத்தப் பாத்தேன்டி."

"ஐயோ, கறிவேப்பிலைச் செடிக்கு வாங்கின மர வினிகர்ங்க அது! பாப்பா சாப்பிட்டாளா?"

"இல்ல. மூடியத் தொறந்ததும் கரிப்புகை நாத்தம். அப்படியே மூடிட்டேன்."

"அப்பாடா! மரத்தக் கரியாக்குறப்ப வர்ற புகையில எடுக்குறதுங்க அது. செடிக்கே நெறைய தண்ணி கலந்துதாங்க ஊத்தணும்."

"அத எவளாவது தண்ணி பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜில வைப்பாளா?"

எனக்கும் அதையே கத்த வேண்டும் போலிருந்தது.

"தப்புதான். இப்ப எங்க இருக்கு?"

"பால்கனியில, பூட்டின பெட்டிக்குள்ள. பெட்டி மேல பாப்பா மண்டையோடு வரைஞ்சு ஒட்டியிருக்கா. கொஞ்சம் உன் ஜாடை."

அந்த அம்மாள் அவர் முதுகில் ஒன்று வைத்தார். பிறகுதான் சிரித்தார்.