டபுள் சைடு போர்டு

அல்சூரில் ஒரு ஸ்டிக்கர் கடையில் என் வண்டிக்கு நம்பர் ஒட்டக் காத்திருந்தேன். மெஸ் நடத்தும் ஒரு அம்மா தன் கடையின் பெயர்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து கடைக்காரரின் மேசைமேல் போட்டார்.

"பத்து நாளா என் போர்டே ஆளுங்கள எதிர் சந்து மெஸ்ஸுக்கு அனுப்பிட்டு இருக்குது, தம்பி."

"டபுள் சைடு கேட்டீங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பிரிண்ட் போட்டேன். டபுள் சைடுன்னா அதானேக்கா?"

"பேரு ஒரே மாதிரி இருக்கட்டும். அம்புக்குறியுமா? ரெண்டு பக்கமும் வலது கைப் பக்கமே காட்டுது. கோயில்லேர்ந்து வர்றவன் சரியா என் சந்துல திரும்புறான். மெட்ரோலேர்ந்து வர்றவன் எதிர் சந்துக்குள்ள போறான். அங்கயும் ஒரு மெஸ் இருக்குது."

"அத நீங்க முன்னாடியே சொல்லணும்க்கா."

"ரோட்டுக் கம்பத்துல தொங்கவிடறதுன்னு சொன்னேனா இல்லியா? ஆக்கின சோத்த தினம் கொட்டறேன். இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா கடைய மூட வேண்டியதுதான்."

கடைக்காரர் பலகையை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"நேத்து மெட்ரோவுல வந்து இறங்கினேன். உங்க மெஸ்லயே சாப்பிடலாம்னு இந்த போர்டப் பாத்துத்தான் திரும்பினேன். மீன் குழம்பு நல்லா இருந்துச்சு. உங்களப் பாத்தா சொல்லணும்னு இருந்தேன்க்கா."

அந்த அம்மா பலகையின் மேல்வரியில் விரலை வைத்தார்.

"சைவ மெஸ்னு நீதான்டா பிரிண்ட் போட்ட."